நின்றது ஏன் என்று கேட்காமல் ஓட்டாதீர்கள்

பினாங்கின் பைராம் தோட்டத்திலிருந்து நிபோங் திபாலுக்குப் போய் அலுவலக முகப்பில் வரிசை பிடிப்பவருக்கு, 'சிஸ்டம் டவுன்' என்ற பதில் அரைநாள் சம்பள இழப்பு. 2019 ஆகஸ்ட் 21 இரவு கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் கணினி வலையமைப்பு நின்றபோது, பயணப் பதிவும் விமான நேரப் பலகைகளும் நாள்கணக்கில் தடுமாறின. நாடே கவனித்தது. சிறிய அலுவலகங்களில் நடப்பதோ யார் கண்ணிலும் படுவதில்லை. அங்குள்ள லினக்ஸ் சர்வரில் பின்னணியில் ஓடும் ஒரு சேவை, கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதாகவோ தரவுத்தளத்தோடு இணைப்பதாகவோ இருக்கலாம், திடீரென நிற்கிறது. யாரோ ஒருவர் 'ரீஸ்டார்ட்' செய்கிறார். ஓடுகிறது. அடுத்த வாரம் மறுபடியும் நிற்கிறது. ரீஸ்டார்ட் செய்வதில் தவறில்லை. காரணம் தெரியாமல் ரீஸ்டார்ட் செய்துவிட்டு, பழுது நீக்கியாயிற்று என்று கோப்பை மூடுவதுதான் தவறு. பொதுப் பணத்தில் இயங்கும் எந்த நிறுவனமும் அதைப் பழுதுபார்ப்பு என்று ஏற்கக்கூடாது.

இன்றைய லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலானவற்றில் சேவைகளைத் தொடங்குவதும் கண்காணிப்பதும் 'சிஸ்டம்டி' என்ற மென்பொருளின் வேலை. நின்ற சேவையைத் தானே எழுப்பச் சொல்லி ஒரே வரியில் அதற்குக் கட்டளையிடலாம். அதைப் படைத்தவர்கள் ஓர் எல்லையும் வைத்தார்கள்: பத்து விநாடிக்குள் ஐந்து முறைக்கு மேல் தொடங்க நேர்ந்தால், இதில் வேறு கோளாறு இருக்கிறது என்று அது முயற்சியைக் கைவிடும். ஆனால் ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே ஐந்து விநாடி இடைவெளி கொடுத்துவிட்டால் அந்த எல்லை ஒருபோதும் எட்டப்படாது. சேவை நாளெல்லாம் விழுந்து விழுந்து எழும். கண்காணிப்புத் திரை பச்சை விளக்கையே காட்டும். முகப்பில் நிற்பவருக்குத்தான் பக்கம் திறக்காது.

காரணம் பெரும்பாலும் எழுத்தில் கிடக்கிறது. சேவை எப்படி நின்றது, தானே வெளியேறியதா, எந்தச் சமிக்ஞையால் கொல்லப்பட்டது என்பதை சிஸ்டம்டி தன் பதிவேட்டில் குறித்து வைக்கிறது. நினைவகம் தீர்ந்துபோனால் லினக்ஸின் கருநிரல், அதிக இடம் பிடித்திருக்கும் நிரலைப் பார்த்து நிறுத்துகிறது. பல நேரங்களில் அது தரவுத்தளமாக இருக்கும். நினைவகத்தைத் தின்று தீர்த்ததோ நள்ளிரவில் ஓடிய வேறொரு வேலையாக இருக்கலாம். பலியானதை மட்டும் எழுப்பிக்கொண்டிருந்தால், குற்றவாளி மறுநாள் இரவும் வருவான். வட்டு நிரம்பியது, திறக்கக்கூடிய கோப்புகளின் வரம்பு முடிந்தது, வலையமைப்பு எழும்பும் முன்பே சேவை எழும்பியது என மற்றக் காரணங்களும் இப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்து. ரீஸ்டார்ட் அவற்றில் எதுவுமில்லை.

காரணத்தை நீக்காமல் ஓட்டியதற்கு உலகம் கொடுத்த விலை சிறிதல்ல. 1991இல் சவூதியின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணை எதிர்ப்புக் கருவியின் கடிகாரக் கணக்கு, ஓட ஓடச் சிறிது சிறிதாகப் பிசகியது. இதை அதே வகைக் கருவியைப் பயன்படுத்திய இஸ்ரேலியர்கள் பிப்ரவரி 11 அன்றே தெரிவித்திருந்தார்கள். நெடுநேரம் ஓட்டினால் குறி தவறலாம் என்ற எச்சரிக்கையும் போனது. எவ்வளவு நேரம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நூறு மணி நேரம் இடைவிடாது ஓடிய கருவி பிப்ரவரி 25 அன்று தாக்க வந்த ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது. 2004 செப்டம்பரில் தெற்குக் கலிபோர்னியாவில் விமானக் கட்டுப்பாட்டாளர்கள் விமானிகளுடன் பேசும் முறைமையே நின்றது. ஏறத்தாழ ஐம்பது நாளில் நிரம்பிவிடும் ஓர் எண்ணிதான் காரணம். மாதம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் போதும் என்று விதி போட்டிருந்தார்கள். ஒரு முறை அது விடுபட்டது.

இதற்கு எதிரான வாதம் வலுவானது. நிபுணர்களே ரீஸ்டார்ட்டை நம்பித்தானே முறைமைகளைக் கட்டுகிறார்கள்? உண்மைதான். தொலைபேசி இணைப்பகங்களுக்காக எரிக்சன் நிறுவனத்தில் பிறந்த எர்லாங் மொழி, பழுதான பகுதியை விழவிட்டுப் புதிதாக எழுப்புவதையே கொள்கையாகக் கொண்டது. ஆனால் அங்கே எழுப்பும் மேற்பார்வை நிரல் ஒவ்வொரு வீழ்ச்சியையும் பதிகிறது. அளவு மீறினால் தானும் விழுந்து மேலிடத்துக்குத் தெரிவிக்கிறது. போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் தொடர்ந்து ஓடினால் நின்றுவிடும் என்று 2015இல் தெரிந்தபோது, அவ்வப்போது மின்சாரத்தை நிறுத்தி இயக்க அமெரிக்க விமானத் துறை உத்தரவிட்டது. அங்கே காரணமும் தெரியும், கெடுவும் தெரியும், திருத்தம் வரும்வரைதான் அந்த ஏற்பாடு. காரணம் தெரிந்த ரீஸ்டார்ட் சிகிச்சை, தெரியாதது ஒத்திவைப்பு.

வரிசையில் மக்கள் நிற்கும்போது ஆராய்ச்சிக்கு நேரம் ஏது என்று கேட்பார்கள். முதலில் எழுப்புங்கள், நான் தடுக்கவில்லை. அதற்கு முன் பதிவேட்டை ஒரு கோப்பில் நகலெடுக்க ஒரு நிமிடம் போதும். சேவையை விட்டு சர்வரையே நிறுத்தி இயக்குவது அதைவிட ஆபத்து. பதிவேட்டை வட்டில் வைக்க ஏற்பாடு செய்யாத சர்வரில் அது நினைவகத்தில்தான் இருக்கிறது. மின்சாரம் போனால் சாட்சியும் போகும். சிறிய அலுவலகங்களில் நிபுணர் இல்லை என்பதும் மெய்யே. ஆனால் நின்ற நாள், நேரம், அதற்கு முன் என்ன மாற்றப்பட்டது என்று எழுதி வைக்க நிபுணர் தேவையில்லை. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் நின்றால் அந்த நேரத்து வேலையைச் சந்தேகிக்கலாம். எழுப்பிய சில நாளில் நின்றால் நினைவகக் கசிவைத் தேடலாம். ஒப்பந்தக்காரர் வரும்போது அந்தத் தாள் அவருடைய பாதி வேலையை முடித்திருக்கும்.

நின்றது ஏன் என்று கேட்க பினாங்குக்குத் தனி உரிமை உண்டு. 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கி, இன்டெல் அங்கே வந்ததிலிருந்து, பழுதான சில்லை ஏன் பழுதானது என்று அறுத்து ஆராய்வது இந்த மாநிலத்தின் பிழைப்பாகவே இருந்து வருகிறது. தொழிற்சாலைக்குள் நாம் கடைப்பிடிக்கும் ஒழுக்கத்தை அலுவலக முகப்பின் பின்னால் கைவிட வேண்டியதில்லை. பராமரிப்பு ஒப்பந்தங்கள் சேவை எத்தனை விழுக்காடு நேரம் ஓடியது என்று மட்டும் கேட்டால், வேகமாக ரீஸ்டார்ட் செய்பவரே நல்ல ஒப்பந்தக்காரர். எத்தனை முறை நின்றது, ஒவ்வொரு முறையும் ஏன், அந்தக் காரணம் நீக்கப்பட்டதா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். காரணம் எழுதப்படாத பழுதுபார்ப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள்.