ரெண்டு டாலரைக் கட்டுய்யா!

ஃப்ரெட் அஸ்டேரும் ஜீன் கெல்லியும் சேர்ந்து ஆடுகிறார்களே என்றுதான் எம்.ஜி.எம்.மின் 'ஸீக்ஃபெல்ட் ஃபாலீஸ்' (1946) பார்க்க உட்காருவீர்கள். நடுவில் வரும் ஒரு குட்டி நாடகம் ஆளை அசத்திவிடும்.

சுரங்க ரயிலில் ஒரு அப்பாவி (விக்டர் மூர்) எச்சில் துப்பிவிடுகிறார். அபராதம் 2 டாலர். கட்டிவிட்டு வீட்டுக்குப் போக அவர் ரெடி. ஆனால் கூட இருப்பவர் வக்கீலாச்சே (எட்வர்ட் அர்னால்ட்), விடுவாரா? அப்பீல்! அதற்கு மேல் அப்பீல்! படியேற ஏற வக்கீலுக்கு ஆவேசம் கூடுகிறது, கட்சிக்காரருக்குத் தண்டனை கூடுகிறது. ஜெயிலுக்குப் போன பிறகும் மூரின் கெஞ்சல் ஒண்ணே ஒண்ணுதான்: அந்த ரெண்டு டாலரைக் கட்டித் தொலையேன்!

1931-லேயே பிராட்வேயில் ஹோவர்ட் சகோதரர்கள் நடித்துக் கைதட்டல் வாங்கிய அயிட்டம் இது. வீண் வம்பு வேண்டாம் என்பதற்கு அமெரிக்கர்கள் இதன் தலைப்பையே பழமொழியாக்கிக்கொண்டார்கள்.

நான் பி.காம். ஆசாமி. எனக்கு உறுத்துவது லெட்ஜர்தான். கொள்கை வக்கீலுடையது, பற்று முழுக்க மூர் கணக்கில்! இத்தனைக்கும் வக்கீல் வில்லன் இல்லை சார். நண்பனுக்கு நல்லது செய்வதாக நிஜமாகவே நம்புகிறார். வயிற்றைக் கலக்குவதே அதுதான்.