தலைக்கு 72 வெள்ளி

நண்பர்களோடு வெளியே சாப்பிடப் போனால் எனக்குப் பயம் கடைசி ஐந்து நிமிடம்தான். பில் வரும் நேரம்.

போன வெள்ளிக்கிழமை தஞ்சோங் பகாரில், இப்போது எல்லாரும் படம் எடுத்துப் போடும் ஒரு மெக்சிகோ உணவகம். ஐந்து பேர். வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு சேர்த்து அவகாடோவைக் கல்லுரலில் மசித்த குவாக்கமோலே, நம் வீட்டுத் துவையலுக்குத் தூரத்துச் சொந்தம். (மிளகாயே அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதானே!)

சாப்பாடு 300 வெள்ளி. அதன்மேல் 10% சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 9% ஜிஎஸ்டி. மொத்தம் 359.70. "தலைக்கு 72, பேநவ் பண்ணிடுங்க" என்றான் ஒருவன்.

எங்களில் ஒருத்தி சைவம், மதுவும் தொடமாட்டாள். மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்களே என்று அதையும் ஒதுக்கிவிட்டாள். காளான் டாக்கோவும் குவாக்கமோலேயில் கொஞ்சமும், 20 வெள்ளிக்கு மேல் போகாது. இரண்டு மாதமாக வேலை தேடுகிறாள். ஒன்றும் சொல்லாமல் கைப்பேசியை எடுத்தாள். முந்தைய இரண்டு சந்திப்புக்கு அவள் ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வானொலிக்காரிக்கு மௌனம் ஆகாது. "அவங்கவங்க சாப்பிட்டத அவங்கவங்க கட்டுவோம்" என்றேன். அவள் பங்கு 24 வெள்ளி.

"நண்பர்களுக்குள்ள கணக்கா?" என்று ஒருவன் முணுமுணுத்தான். மூன்று மார்கரிட்டா குடித்தவன் அவன்தான்.