உங்கள் தெரு மேப்பில் இருக்கிறதா?



2024 அக்டோபர் 11, ஆயுதபூஜை நாள். இரவு எட்டரை மணி. கும்மிடிப்பூண்டி பக்கத்தில் உள்ள கவரைப்பேட்டை ஸ்டேஷனில் மைசூரு - தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், மெயின் லைனில் போக வேண்டியது, லூப் லைனுக்குள் புகுந்து அங்கே நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியது. பெட்டிகள் தடம்புரண்டன. நல்லவேளை, உயிரிழப்பு இல்லை. இருட்டில் முதலில் ஓடிவந்து கைகொடுத்தவர்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்கள் யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்டேஷன் எல்லா மேப்பிலும் இருக்கிறது. அதே இரவு ஆபத்து உங்கள் வீட்டில் என்றால்?

108 ஆம்புலன்ஸுக்கு போன் போடுகிறோம். “எந்த இடம்?” என்கிறார்கள். “பிள்ளையார் கோயிலுக்குப் பின்னாடி தெரு” என்கிறோம். டிரைவரின் போனில் உள்ள மேப்போ நெடுஞ்சாலையோடு நின்றுவிடுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள் தங்கும் லைன் வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரே கதவு எண், வரிசையாகப் பத்து அறைகள். நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், தமிழ் தெரியாத அறைத்தோழர் எப்படி வழி சொல்வார்?

2015 டிசம்பர் வெள்ளத்தில் மேப் வடிவமைப்பாளர் அருண் கணேஷும் நண்பர்களும், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைக் கொண்டு சென்னைக்கு ஒரு வெள்ள மேப் உருவாக்கினார்கள். தண்ணீர் நிற்கும் தெருவைப் பொதுமக்களே தொட்டுக் குறித்தார்கள். ஆயிரக்கணக்கான தெருக்கள் அப்படிக் குறிக்கப்பட்டன. அந்தத் தெருக்களை யாரோ முன்பே பொறுமையாக வரைந்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. மேப்பில் இல்லாத தெருவை எங்கே தொட்டுக் காட்டுவது?

அரசிடம் டிஎன்ஸ்மார்ட் என்ற பேரிடர் எச்சரிக்கை அமைப்பு இருக்கிறது, செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன. பிச்சாட்டூர் ஏரி திறந்தால் ஆரணி ஆற்றங்கரைக்கு எச்சரிக்கை வந்துவிடும். ஆனால் தண்ணீர் எந்தச் சந்தில் முதலில் நுழையும், எந்தக் கல்வெர்ட்டில் குப்பை அடைத்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார் என்பதும்கூட. (பாட்டி விஷயத்தை ஊரே பார்க்கும் மேப்பில் போட வேண்டாம். வி.ஏ.ஓ.விடமும் பக்கத்து வீட்டிலும் சொல்லி வையுங்கள், போதும்.)

ஐப்பசி மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கு ஒதுக்குவோமா? காலேஜ் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மேப்பைத் திறங்கள். தெருப் பெயர் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், மேட்டுப் பகுதி எல்லாம் சரியான இடத்தில் இருக்கின்றனவா பாருங்கள். மழையில் சிக்னல் போய்விடும், அதனால் உங்கள் பகுதி மேப்பை போனில் டவுன்லோட் செய்து வையுங்கள். அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பக் கற்றுக்கொடுங்கள். ஒருமுறை காட்டினால் போதாது, அவரே நாலு தடவை அனுப்பிப் பார்க்கட்டும்.

மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, மாநிலத்துக்கு 1070. காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். அப்படியே லைன் வீட்டுக்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்