குதிரைத்திறன் மட்டும் போதுமா?

அம்பர்நாத், தளோஜா தொழிற்பேட்டைகளுக்கும் நவாசேவா துறைமுகத்துக்கும் இடையே கன்டெய்னர் ஓட்டலாம் என்று கடனில் டிரெய்லர் வாங்க நினைக்கும் நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை.

லாரி வாங்கப் போனால் முதல் பேச்சே குதிரைத்திறன்தான். அதிகத் திறன் என்றால் நல்ல வண்டி என்று நாமும் நம்பிவிடுகிறோம். அதோடு பின் அச்சின் பல் விகிதத்தையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

கிரௌன் சக்கரத்தில் 41 பல், பினியனில் 7 பல் இருந்தால் விகிதம் 5.86. பினியனில் 6 பல் என்றால் 6.83. எஞ்சின் அதேதான், ஆனால் இரண்டாவது வண்டியில் சக்கரத்துக்குச் சேரும் இழுவிசை சுமார் 17 சதவீதம் அதிகம். இது இலவசமாகக் கிடைப்பதில்லை. 10.00-20 டயர் வண்டி நேர் விகித டாப் கியரில் மணிக்கு 60 கி.மீ. போக, முதல் வண்டியின் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,830 முறை சுற்றினால் போதும், இரண்டாவதில் 2,130. சமவெளியில் அந்தக் கூடுதல் சுற்று டீசலைத்தான் தின்னும்.

எனவே வழித்தடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். துறைமுகத்திலிருந்து அம்பர்நாத் வரை பெரும்பாலும் சமவெளி; திரும்பும்போது பல நடை காலியாகவே வர நேரும். இதற்குக் குறைந்த விகிதம் லாபம். புனேக்குக் கண்டாலா மலைப்பாதையும் நாசிக்குக் கசாரா மலைப்பாதையும் ஏற வேண்டுமானால் கணக்கு மாறும். அங்கே விகிதம் போதாத வண்டி முதல் கியரில் திணறும், கிளட்ச் தேயும்.

ஏற்றத்தைவிட இறக்கமே முக்கியம். பாரத்தோடு இறங்கும்போது கீழ் கியரில் எஞ்சின்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. அச்சு விகிதம் கூடினால் அந்தப் பிடியும் கூடும். அது போதாதபோது முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுகிறது. பிரேக் சூடேறினால் பிடிக்காது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவது உயிரைப் பணயம் வைப்பது.

2018-ல் மத்திய அரசு டிரெய்லர் வண்டிகளின் அதிகபட்ச மொத்த எடையை 49 டன்னிலிருந்து 55 டன்னாக உயர்த்தியது. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக, குறைந்த பாரத்துக்குத் தேர்ந்தெடுத்த எஞ்சினும் அச்சும் கூடுதல் பாரத்துக்கு ஏற்றதாகிவிடாது.

வாங்கிய பின் கிரௌன் பினியனை மாற்றுவது பெரும் செலவு. அதனால் முன்பணம் கட்டுமுன், அந்த மலைப்பாதைகளில் ஓட்டிப் பழகிய டிரைவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். மாதத் தவணை கட்டுபவர் முதலாளி. ஆனால் பாரத்தோடு மலையிறங்குபவர் டிரைவர். அவர் சொல்லைக் கேட்டு வண்டி வாங்குவதே முறை.