ட்ரஃபிள் செய்யுங்க, பில் போடாதீங்க

பிப்ரவரி வந்தால் நம்ம கேம்பஸுக்கு நோட்டீஸ் போர்டில் ஒட்டாத ஒரு டைம்டேபிள் வந்துவிடும். 7-ஆம் தேதி ரோஸ் டே, 8 ப்ரபோஸ் டே, 9 சாக்லேட் டே, 10 டெடி டே என்று போய் 14-இல் முடியும். இன்டர்னல் தேதியை வாட்ஸ்அப் குரூப்பில் மூணு தடவை கேட்கிறவனுக்கும் இது மனப்பாடம். நீங்களும் இந்த வருஷம் யாருக்காவது சாக்லேட் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டு இருக்கலாம். அப்படியென்றால் உங்களிடம் சொல்ல எனக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, கடையில் வாங்காதீங்க, ட்ரஃபிள் செய்யுங்க. இரண்டு, செஞ்சதுக்கு பில் போடாதீங்க. முதலாவதை யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இரண்டாவதை அசிங்கப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில், கடை டப்பா ஏன் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

இதய வடிவ டப்பாவை எந்தக் காதலனும் கண்டுபிடிக்கவில்லை. 1860-களில் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேட்பரி என்ற சாக்லேட் வியாபாரி தன் சரக்கை அழகான டப்பாக்களில் போட்டு விற்கத் தொடங்கினார். காதலர் தின டப்பா அப்படித்தான் பரவியது. சாக்லேட் தீர்ந்த பிறகு அதில் கடிதம் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் கவர்ச்சி. ஐடியா நல்ல ஐடியாதான். ஆனால் இன்றைக்கு வருகிற டப்பாவைத் திறந்து பாருங்கள். பாதி இடம் வெறும் பிளாஸ்டிக் குழி. மீதிக் குழிகளில் இருப்பது பல சமயம் சாக்லேட்டே கிடையாது, 'காம்பவுண்ட்'. அதாவது கோகோ பட்டருக்குப் பதிலாக விலை குறைந்த தாவரக் கொழுப்பு போட்டது. 2024-இல் உலகச் சந்தையில் கோகோ விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. உலகத்துக் கோகோவில் பாதிக்கும் மேல் விளைகிற ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைச்சல் குறைந்தது அதற்கு முக்கியக் காரணம். விலை அப்படி ஏறும்போது காம்பவுண்ட் பக்கம் சாய்வது வியாபாரிக்கு லாபம்.

'ஹோம் மேட்' என்று போட்டிருந்தால் சரியா? ஊட்டிக்கு டூர் போனவர்களுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரு அந்த போர்டுதான். அதில் அருமையானதும் உண்டு, காம்பவுண்டை உருக்கி அச்சில் ஊற்றியதும் உண்டு. போர்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். 'கோகோ பட்டர்' என்று இருந்தால் சாக்லேட். 'ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்' என்று முதலிலேயே இருந்தால் காம்பவுண்ட். சாப்பிட்ட பிறகு மேல் அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டுகிறதே, அது இந்தக் கொழுப்புதான்.

இப்போது ட்ரஃபிளுக்கு வருவோம். பேரைக் கேட்டு பயப்படாதீர்கள். ட்ரஃபிள் என்பது மண்ணுக்கு அடியில் வளர்கிற ஒரு வகைக் காளான். ஐரோப்பாவில் தங்கம் மாதிரி விலை போகும். கோகோ பவுடரில் புரட்டிய கோணல்மாணலான சாக்லேட் உருண்டை, அப்போதுதான் மண்ணிலிருந்து தோண்டி எடுத்த அந்தக் காளான் மாதிரியே இருக்கும். அதனால் அந்தப் பேர். இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. உருண்டை கோணலாக வந்தால்தான் பேருக்குப் பொருத்தம்!

டார்க் சாக்லேட் 200 கிராம், ஃப்ரெஷ் கிரீம் 100 மில்லி, வெண்ணெய் 20 கிராம், புரட்ட கோகோ பவுடர். அவ்வளவுதான். சாக்லேட்டைப் பொடிப்பொடியாக நறுக்கி ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் போடுங்கள். கிரீமைச் சின்னத் தீயில் சூடாக்குங்கள். ஓரத்தில் குமிழி வந்ததும் இறக்கிவிடுங்கள், பொங்க விடாதீர்கள். அதைச் சாக்லேட் மேல் ஊற்றி இரண்டு நிமிஷம் கையை வைக்காமல் விடுங்கள். பிறகு நடுவிலிருந்து மெதுவாகக் கிளறிக்கொண்டே வெளியே வாருங்கள். முதலில் திரிந்த மாதிரி இருக்கும். பயப்படாமல் கிளறினால் திடீரென்று கண்ணாடி மாதிரி பளபளக்கும். வெண்ணெய் சேர்த்து ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம். இதற்குப் பேர் கனாஷ். பிறகு ஸ்பூனில் எடுத்து உருட்டி, கோகோ பவுடரில் புரட்ட வேண்டியதுதான். 15 கிராம் உருண்டையாகப் பிடித்தால் இருபது வரும்.

நடுவில் இரண்டு விபத்து நடக்கலாம். கனாஷில் எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால், உங்கள் எமல்ஷன் உடைந்துவிட்டது என்று அர்த்தம். கொழுப்பு அதிகம், தண்ணீர் போதவில்லை. வெதுவெதுப்பான பால் ஒரு ஸ்பூன் விட்டு வேகமாக அடித்தால் சேர்ந்துவிடும். இரண்டாவது, சாக்லேட்டைத் தனியாக உருக்கும்போது ஈரக் கரண்டி பட்டால் மொத்தமும் மணல் மாதிரி இறுகிப்போகும். அதில் இருக்கிற சர்க்கரை அந்தச் சொட்டுத் தண்ணீரில் நனைந்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்வதுதான் காரணம்.

உருட்டும்போது கையெல்லாம் சாக்லேட் ஆவதற்கும் காரணம் இருக்கிறது. கோகோ பட்டர் ஆறு வகையாகப் படிகமாகும். நல்ல சாக்லேட்டில் இருப்பது ஐந்தாவது வகை. அது உருகுவது சுமார் 34 டிகிரியில். வாயில் வைத்ததும் கரைகிறதே, அந்தச் சுகத்துக்குக் காரணம் இதுதான். நம் உள்ளங்கைச் சூடும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கனாஷில் கிரீமும் சேர்ந்திருப்பதால் இன்னும் சீக்கிரம் இளகும். அதனால் ஐந்து உருண்டைக்கு ஒரு தடவை கையைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு உருட்டுங்கள். பார் சாக்லேட் செய்ய அந்த ஐந்தாவது படிகத்தை வரவைக்க தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு போராட வேண்டும். ட்ரஃபிளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

சரி, ரெசிபி முடிந்தது. இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

மூன்றாம் வருஷம் நான் இதைச் செய்தேன். ஹாஸ்டலில் கெட்டிலுக்கே அனுமதி இல்லை என்பதால் டே ஸ்காலர் நண்பன் வீட்டு சமையலறையில். நண்பனின் அம்மா பக்கத்தில் நின்று கறிவேப்பிலை உருவிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். "யாருக்குப்பா இவ்வளவு பாடுபடுற?" என்று கேட்டார். சிரித்தேன். "அந்தப் பொண்ணுக்கு சாக்லேட் பிடிக்குமா?" என்றார். "சர்ப்ரைஸ் ஆன்ட்டி" என்றேன். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

14-ஆம் தேதி கேன்டீனில், நண்பர்கள் எல்லாரும் இருக்கும்போது கொடுத்தேன். ஒருத்தன் வீடியோ எடுத்தான். அவள் சிரித்தாள், வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து டப்பாவைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். "ரூம்மேட்ஸ் நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க. எனக்கு சாக்லேட் சாப்பிட்டா தலைவலி வரும். அன்னைக்கு எல்லாரும் பார்த்துட்டு இருந்தீங்க, வேணாம்னு சொல்ல முடியல. எனக்கு அந்த மாதிரி எண்ணம் இல்ல, சாரி" என்றாள்.

இதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "பரவாயில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "நாலு மணி நேரம் நின்னு செஞ்சேன், தெரியுமா?"

அவள் கோபப்படவில்லை. "நான் செய்யச் சொன்னேனா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. ரூமுக்கு வந்து நண்பர்களிடம் சொன்னபோது எல்லாரும் என் பக்கம்தான். "இவ்வளவு செஞ்சும் அவளுக்கு மனசு இல்லையே மச்சி" என்றார்கள். அந்த 'இவ்வளவு செஞ்சும்' என்ற வார்த்தையில்தான் தப்பு இருக்கிறது என்று புரியவே எனக்குச் சில மாதம் ஆனது. நாலு மணி நேரம் நின்றது நான். ரசித்துச் செய்தது நான். அதற்கு அவள் எதற்குக் கடன்பட வேண்டும்?

கடையில் வாங்கிய டப்பாவை வேண்டாம் என்று சொல்வது சுலபம். "வேற யாருக்காவது குடு" என்று சொல்லிவிடலாம். கையால் செய்ததை வேண்டாம் என்று சொன்னால், சொன்னவர் கெட்டவர் ஆகிவிடுகிறார். அதுவும் பத்துப் பேர் முன்னால், கேமரா முன்னால் என்றால் கேட்கவே வேண்டாம். ட்ரஃபிளின் அதே நல்ல குணம், அதாவது நம் உழைப்பு அதில் தெரிவது, தப்பான கையில் ஒரு நெருக்கடியாக மாறிவிடுகிறது. நான் கொடுத்தது பரிசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாங்கியவளுக்கு அது பதில் எழுதியே ஆக வேண்டிய கேள்வித்தாள்.

ஜப்பானில் இந்தச் சிக்கல் ஊரளவுக்குப் பெரிதாகி இருக்கிறது. அங்கே பிப்ரவரி 14 அன்று பெண்கள்தான் ஆண்களுக்கு சாக்லேட் கொடுப்பார்கள். மனசுக்குப் பிடித்தவருக்குக் கொடுப்பது 'ஹொன்மெய்', நிஜமானது. பலர் அதை வீட்டிலேயே கையால் செய்வார்கள். ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவர்களுக்கு மரியாதைக்குக் கொடுப்பது 'கிரி', அதாவது கடமை. வாங்கிய ஆண்கள் ஒரு மாதம் கழித்து மார்ச் 14, 'வொய்ட் டே' அன்று திருப்பித் தர வேண்டும். மூணு மடங்காகத் தர வேண்டும் என்று ஒரு பேச்சே உண்டு. இந்தக் கடமை பெண்களுக்கு எவ்வளவு பாரமாகிவிட்டது என்றால், 2018 பிப்ரவரியில் கொடைவா என்ற சாக்லேட் கம்பெனியே அங்கே ஒரு பெரிய பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, இந்தக் கடமை சாக்லேட்டை நிறுத்திவிடலாம் என்று சொன்னது. சாக்லேட் விற்கிறவனே சொன்னான்!

நமக்கு இதெல்லாம் புதுசா என்ன? மொய் எழுதுகிற ஊர் நம்முடையது. யார் எவ்வளவு செய்தார்கள் என்று நோட்டுப் போட்டு எழுதி, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்வோம். ஆனால் மொய்யில் ஒரு நேர்மை இருக்கிறது. நோட்டு எல்லார் கண் முன்னாலும் திறந்து இருக்கும், கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் கணக்கு தெரியும். நான் செய்தது, நோட்டை சட்டைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு "சும்மாதான் கொடுக்கிறேன்" என்று சொன்னது.

"அப்போ சர்ப்ரைஸே கூடாதா? எல்லாத்தையும் கேட்டுக் கேட்டுச் செஞ்சா அதுல என்ன காதல்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஏற்கெனவே உங்களைப் பிடிக்கும் என்று சொன்னவருக்கு தாராளமாக சர்ப்ரைஸ் கொடுங்கள். ஆனால் பதில் தெரியாத இடத்தில், பதிலை வரவைக்க ட்ரஃபிளை அனுப்பாதீர்கள். கேட்க வேண்டியதை வாயால் கேளுங்கள், தனியாகக் கேளுங்கள், 'இல்லை' என்று சொல்ல இடம் விட்டுக் கேளுங்கள். 'ஆமாம்' என்று வந்தால் அப்புறம் போய் சாக்லேட் நறுக்கலாம். பால், நட்ஸ் ஏதாவது ஒத்துக்காதா என்றும் அப்போதே கேட்டுவிடலாம். இது பெண்கள் கொடுத்து ஆண்கள் வாங்கினாலும் அப்படியேதான்.

ட்ரஃபிளில் எனக்கு இப்போது ரொம்பப் பிடித்த விஷயம், அது தங்காது என்பது. பார் சாக்லேட்டில் தண்ணீர் கிட்டத்தட்ட கிடையாது, மாதக்கணக்கில் கிடக்கும். கனாஷில் கிரீம் இருக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்தாலும் நாலைந்து நாளில் தின்று தீர்த்துவிட வேண்டும். டெடி பொம்மை மாதிரி அலமாரியில் உட்கார்ந்துகொண்டு "நான் யார் கொடுத்தது, ஞாபகம் இருக்கா?" என்று வருஷம் முழுக்கக் கேட்காது. அந்த நாலைந்து நாளோடு நம் கணக்கையும் முடித்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் மட்டும் செய்யுங்கள்.

போன மாதம் மறுபடியும் அதே நண்பன் வீட்டில் செய்தேன். இருபதில் ஆறு, பக்கத்தில் நின்று பார்த்த ஆன்ட்டிக்கு. இந்தத் தடவை முதலிலேயே கேட்டுவிட்டேன். "சுகர் இருக்குப்பா, ரெண்டு போதும்" என்றார். மீதி நாலை அங்கிள் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் கசக்குது என்றார். "சரி அங்கிள்" என்றேன். நாலு மணி நேரம் நின்றதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.