உறுதியில் உங்கள் பெயரும் இருக்கட்டும்



லயத்தை விட்டு ஒரு தனிவீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று நினைக்காத தோட்டத்துப் பெண் நம்மிடையே உண்டா? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பிள்ளைகளை வளர்த்து, மழை நாளில் ஒழுகும் தகரத்தின் கீழ் சட்டி வைத்து, பீலிக்கரையில் தண்ணீருக்கு முறை காத்து நின்றவர்கள் நாம். இந்திய உதவியுடன் முதலில் 4,000 தனிவீடுகளும், 2017 இல் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் மலையகத்துக்கென ஒதுக்கப்பட்டன. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் நடந்த விழாவில் 2,000 பேருக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. ஆனாலும் தங்கள் முறை வரும்வரை காத்திருக்க எல்லோராலும் முடிவதில்லை. பூனாகலை, கொஸ்லந்தைப் பக்கத்துக் குடும்பங்கள் சில, பிள்ளைகள் உழைத்து அனுப்பும் பணத்தைச் சேர்த்து, நாட்டுப்பக்கத்தில் பழைய வீடு ஏதும் விலைக்கு வருமா என்று தேடுகின்றன.

நாங்களும் அப்படித்தான் வாங்கினோம். பண்டாரவளைக்குச் சற்று அப்பால், அமைதியான ஒரு கிராமத்தில், பன்னிரண்டு பேர்ச்சஸ் காணியில் ஓடு வேய்ந்த பழைய வீடு. அதற்கு முன்னர் இரண்டு வீடுகளைப் பார்த்து வேண்டாமென்று திரும்பினோம். ஏன் திரும்பினோம் என்று சொன்னால் உங்களில் யாருக்காவது உதவும்.

முதல் வீடு கண்ணுக்கு அழகானது. விலையும் குறைவு. பத்திரத்தைக் கேட்டபோது, அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரம் ஒன்றைக் காட்டினார்கள். "முத்திரைத் தாளில் எழுதிக் கையொப்பம் போட்டுக் கொடுத்துவிடுகிறோம்" என்றார்கள். சகோதரிகளே, இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காணி விற்பனை என்பது நொத்தாரிசின் முன்னால், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்படும் உறுதியின் மூலமே செல்லும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முதல் இதுதான் விதி. வெறும் கடிதம் எழுதி வாங்கினால் பணம் போகும், காணி வராது. ஜயபூமி, ஸ்வர்ணபூமி போன்ற அளிப்புப் பத்திரமுள்ள காணியையும் பிரதேச செயலாளரின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. தோட்டத்து லயக் காம்பராவைக் கடிதம் எழுதி "விற்பதும்" இப்படித்தான். விற்பவருக்கே சொந்தமில்லாத ஒன்றை நாம் எப்படி வாங்குவது?

ஆகவே, நம்பிக்கையான நொத்தாரிசு ஒருவரிடம் உறுதியின் பிரதியைக் கொடுத்து, காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துப் பதிவுகளையாவது தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈடு வைத்திருக்கிறார்களா, வழக்கு உண்டா, உடன்பிறந்தவர்களுக்குப் பங்கு உண்டா என்பதெல்லாம் அங்கே தெரியும். விற்பவரின் நொத்தாரிசே போதும் என்று விட்டுவிடாதீர்கள். நில அளவையாளரின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு எல்லைக் கல்லைத் தொட்டுப் பாருங்கள். வீதியிலிருந்து வீட்டுக்கு வரும் வழி உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இன்று சிரித்துக்கொண்டு வழிவிடும் அயலவர் நாளை காணியை வேறொருவருக்கு விற்றுவிடலாம்.

இரண்டாவது வீட்டுக்கு உறுதி சரியாக இருந்தது. ஆனால் வீட்டின் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்மேடு. அதன் மேலே தரையில் நீளமாக ஒரு வெடிப்பு. பின்சுவரோரமாக ஊற்றுநீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் ஒன்றும் பேசவில்லை. இருவரும் திரும்பி நடந்தோம். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தை லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியுமா? அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தார்கள். 2023 மார்ச்சில் நம் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டமே கலங்கிப் போனது. மலைநாட்டில் வீடு வாங்குகிறவர், வீட்டைப் பார்ப்பதற்கு முன்னர் அதற்குப் பின்னால் இருக்கும் மலையைப் பார்க்க வேண்டும். சாய்ந்த மரங்கள், தரை வெடிப்பு, புதிதாகக் கிளம்பிய ஊற்று, திடீரென வற்றிய ஊற்று, காரணமில்லாமல் இறுகிப்போன கதவு ஆகிய எல்லாமே மண் நகர்வதன் அடையாளங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களைக் குறித்திருக்கிறது. அவர்களிடம் விசாரித்த பின்னரே முற்பணம் கொடுங்கள். வெயில் காலத்தில் பார்த்த வீட்டை ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். கூரை ஒழுகுவதும், சுவர் ஈரம் உறிஞ்சுவதும், மலசலகூடக் குழி நிரம்புவதும் அப்போதுதான் தெரியும். நிலைகளையும் கூரை மரங்களையும் விரலால் தட்டிப் பாருங்கள். கறையான் தின்ற மரம் பொள்ளென்று ஒலிக்கும்.

நொத்தாரிசு, கந்தோர் என்ற சொற்களெல்லாம் ஒல்லாந்தர் இங்கே விட்டுப்போனவை. நம் நாட்டுப் பொதுச் சட்டமும் ரோமன் டச்சுச் சட்டமே. அந்த ஒல்லாந்து நாட்டிலே இன்று ஒருவர் குடியிருக்க வீடு வாங்கி ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டாலும், மூன்று நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. நமக்கு அந்தச் சலுகை இல்லை. அந்த மூன்று நாட்களை, தேவையானால் மூன்று மாதங்களை, கையொப்பமிடுவதற்கு முன்னரே நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பணக் கணக்கையும் முழுமையாகப் போடுங்கள். விலைக்கு மேல் முத்திரைத் தீர்வை உண்டு. முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 40 இலட்சம் ரூபா வீட்டுக்கு இது மட்டுமே 159,000 ரூபா. நொத்தாரிசின் கட்டணமும், கூரை திருத்தும் செலவும் வேறு. தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்த சகோதரிகளுக்கு ஒரு வழி இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதியில் பத்து வருடங்களுக்கு மேல் பங்களித்து, மீதி மூன்று இலட்சம் ரூபாவுக்குக் குறையாமல் இருந்தால், வீட்டுத் தேவைக்காக அதில் 30 வீதம் வரை ஓய்வுக்கு முன்னரே பெறலாம்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். மூன்றாவது வீடு எல்லா வகையிலும் பொருந்தி, உறுதி எழுதும் நாள் நெருங்கியபோது எங்கள் வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. "மகன் பெயரில் எழுதிவிடலாம். எப்படியும் அவனுக்குத்தானே?" என்று கணவரின் அண்ணன் சொன்னார். பெரியவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நான் கேட்டேன்: "இருபத்தேழு வருடம் கொழுந்துக்கூடை சுமந்த என் சேமலாப நிதியும் இதில் இருக்கிறது. என் பெயர் எங்கே, அத்தான்?" சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு என் கணவர், "இரண்டு பேர் பெயரிலும் எழுதுவோம்" என்றார். அப்படியே எழுதினோம்.

இதில் வீம்பு ஒன்றுமில்லை. 1923 ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தன் பெயரில் காணி வாங்கவும் விற்கவும் கணவரின் அனுமதி தேவையில்லை. யாழ்ப்பாணத் தேசவழமை நம் மலையகத்தாருக்குப் பொருந்தாது. கணவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் அவருடைய சொத்தில் பாதி மனைவிக்கும் மறுபாதி பிள்ளைகளுக்கும் போகும். வீடு கணவர் பெயரில் மட்டும் இருந்தால் உங்களுக்கு அந்தப் பாதிதான். இருவர் பெயரிலும் சரிபாதியாக இருந்தால் முக்கால் பங்கு உங்களுடையது. மகன் பெயரில் எழுதிவிட்டால் உங்களுக்கு ஒன்றுமே இல்லை. மருமகளின் முகத்தைப் பார்த்துத்தான் அடுப்படியில் நிற்க வேண்டும். பிள்ளைகள் பெயரில் எழுதத்தான் வேண்டுமென்றால், உங்கள் சீவியகாலம் முழுவதும் அங்கே வாழும் உரிமையை அதே உறுதியில் எழுதிக்கொள்ளுங்கள்.

தனிவீட்டில் ஒரு கஷ்டமும் உண்டு, மறைக்க மாட்டேன். லயத்தில் ஒருவர் இருமினால் பத்துப் பேர் எட்டிப் பார்ப்பார்கள். இங்கே இரவு ஏழு மணிக்கே ஊர் அடங்கிவிடும். முதல் மாதம் அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது. வேலிக்கு அப்பால் இருந்த சிங்கள அம்மா சித்திரை வருடப் பிறப்பன்று கிரிபத் கொண்டுவந்தார். நான் தைப்பொங்கலுக்குப் பொங்கல் கொண்டுபோனேன். இப்போது அவர் சந்தைக்குப் போனால் எனக்கும் கீரை வாங்கி வருகிறார். என் சிங்களமும் சற்றுத் திருந்தியிருக்கிறது. நாமே முதலில் போய்ப் பேசினால் அயல் நமக்கு உறவாகிவிடும்.

நம் முன்னோர் இரு நூற்றாண்டுகளாக இந்த மலைகளில் உழைத்தும், அவர்கள் பெயரில் ஒரு பேர்ச்சஸ் மண்ணும் எழுதப்படவில்லை. வீடு தேடும் சகோதரிகளே, உறுதியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் நிறுத்தி மீண்டும் கேளுங்கள். அதில் உங்கள் பெயர் எழுத்துப் பிழையில்லாமல், அடையாள அட்டையில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையொப்பமிடுங்கள்.