வர்ணம் என்ஜினுக்கா, நுரையீரலுக்கா?



ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்கள் எனத் தனியாகப் பதிவு செய்துகொள்ள 2021-ஆம் ஆண்டில் நம் மத்திய அரசு விதி வகுத்தது. 1960-களில் வெளிவந்த அம்பாசடர் காருக்கு இன்று அந்தத் தகுதி வந்துவிட்டது. அத்தகைய காரைப் போற்றி வைத்திருக்கும் சிலர், விடுமுறை நாட்களில் என்ஜினைக் கழற்றி வைத்து, ஒரு சிறிய கம்ப்ரசரும் ஸ்பிரே கன்னும் கொண்டு தாங்களே வர்ணம் அடிப்பதுண்டு. பக்கத்தில் உதவிக்கு நிற்பவர் உங்களைப் போன்ற ஒரு மாணவராக இருக்கலாம். அவர் மூக்கைச் சுற்றி ஒரு கைக்குட்டை கட்டியிருப்பார். அந்தக் கைக்குட்டையைப் பற்றித்தான் இக்கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். என்ஜினுக்கு வீட்டில் வர்ணம் பூசுவது நல்ல வேலை. பாடநூலில் படித்த பெளதிகம் கையில் வந்து சேரும் வேலை. ஆனால், அதற்கு ஸ்பிரே கன் தேவையில்லை. அதிலும் ஹார்டனர் கலந்து அடிக்கும் வர்ணத்தை வீட்டில் ஒருபோதும் தெளிக்கக் கூடாது. காரணங்களை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

என்ஜினுக்கு வர்ணம் எதற்கு? அம்பாசடரின் 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் என்ஜின் வார்ப்பிரும்பால் ஆனது. ஈரமும் காற்றும் பட்டால் அது துருப்பிடிக்கும். அதைத் தடுப்பதே வர்ணத்தின் முதல் வேலை. கறுப்பு வர்ணம் பூசினால் என்ஜின் விரைவில் ஆறும் என்று சிலர் கூறுவர். கண்ணுக்குக் கறுப்பும் பச்சையும் வேறு வேறுதான். ஆனால் 90 டிகிரி சூட்டிலுள்ள இரும்பு வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்களைப் பொறுத்தவரை, உலோகத்தூள் கலவாத சாதாரண வர்ணங்கள் எல்லாமே ஏறத்தாழக் கறுப்புதான்! வர்ணம் சூட்டை உள்ளே அடைத்துவிடும் என்ற அச்சமும் வேண்டாம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே தடிமனுள்ள படலம் அது. என்ஜினை ஒட்டி நிற்கும் காற்றுப் படலம் அதைவிடப் பன்மடங்கு தடையைத் தருகிறது.

இனி ஸ்பிரே கன்னுக்கு வருவோம். அதன் முனையில் விரைந்து பாயும் காற்று, வர்ணத்தைச் சிதறடித்து மூடுபனி போலாக்குகிறது. ஒரு மி.மீ. விட்டமுள்ள வர்ணத்துளி ஒன்று 0.02 மி.மீ. விட்டமுள்ள துளிகளாக உடைவதாகக் கொள்வோம். விட்டம் 50-இல் ஒரு பங்காகிறது. அப்படியானால் துளிகளின் எண்ணிக்கை 50 x 50 x 50, அதாவது 1,25,000. மொத்தப் பரப்பளவோ 50 மடங்காகிறது. தின்னர் விரைவில் ஆவியாவதும், படலம் சீராகப் படிவதும் இதனால்தான். ஸ்பிரே கன்னின் சிறப்பு இதுவே. அதன் தீமையும் இதுவே.

எல்லாத் துளிகளும் என்ஜின்மீது படிவதில்லை. சில தெறித்துத் திரும்பும். சில காற்றில் மிதக்கும். 0.005 மி.மீ. விட்டமும் தண்ணீரின் அடர்த்தியும் கொண்ட ஒரு துளி, அசையாத காற்றில் நொடிக்கு முக்கால் மில்லிமீட்டர் வேகத்தில்தான் கீழிறங்கும் என்று ஸ்டோக்ஸ் விதி காட்டுகிறது. ஒன்றரை மீட்டர் உயரத்தில் உங்கள் மூக்கிருந்தால், அங்கிருந்து தரையை அடைய அதற்கு 2000 நொடிகள், அதாவது அரை மணிக்கும் மேல் ஆகும். வர்ணம் அடிப்பவர் வேலை முடிந்ததென்று கைக்குட்டையை அவிழ்த்த பிறகும் துளிகள் அறையில் உலவிக்கொண்டிருக்கும். கைக்குட்டையின் நூல்களுக்கிடையே உள்ள இடைவெளி இத்துளியைவிடப் பல மடங்கு பெரியது. தின்னரின் ஆவியையோ எந்தத் துணியாலும் தடுக்க முடியாது.

அந்த ஆவிக்கு வேறொரு குணமும் உண்டு. தின்னர்களில் பெரும்பாலும் கலந்துள்ள டொலுயீனின் மூலக்கூறு எடை 92; காற்றின் சராசரியோ 29. ஆகவே அந்த ஆவி தரையை ஒட்டிப் பரவும். சமையலறை அடுப்போ, கம்ப்ரசர் சுவிட்சின் சிறு பொறியோ போதும், தீப்பிடித்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கைப் பெட்ரோலால் கழுவுவதும் இதே காரணத்தால் ஆபத்தானது. சோப்புத் தூள் கரைத்த வெந்நீரும் கம்பிப் பிரஷும் போதும்.

ஹார்டனர் கலக்கும் பாலியூரித்தேன் வர்ணம் இன்னும் கொடியது. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் வகைப் பொருள் உள்ளது. 1984-இல் போபாலில் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு பொருள். ஹார்டனரின் நுண்துளிகளைச் சுவாசித்தவருக்கு ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை உடல் அதனை ஒவ்வாத பொருளாகக் கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத் திணறலை உண்டாக்கும். தீங்கு செய்யும் அளவில் அதற்கு மணம் தெரியாது. அதனால்தான் முறையான தொழிற்கூடங்களில், வெளியிலிருந்து குழாய் வழியே தூய காற்று வரும் முகமூடியை அணிகிறார்கள்.

“பட்டறைகளில் எத்தனையோ பேர் வெறும் துணியோடு அடிக்கிறார்களே, நன்றாகத்தானே இருக்கிறார்கள்?” என்று நீங்கள் கேட்கலாம். நோயுற்று அந்தத் தொழிலையே விட்டுப் போனவர்கள் பட்டறையில் நிற்பதில்லை. ஆகவே அவர்கள் நம் கணக்கில் வருவதில்லை. எஞ்சியிருப்பவர்களை மட்டும் எண்ணி முடிவு கட்டுவது அறிவியல் முறையாகாது.

அப்படியானால் என்ன செய்வது? துருவைச் சுரண்டும்போது தூசு பறக்காமல் ஈர உப்புத்தாளால் தேயுங்கள். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். என்ஜினின் எல்லாத் துளைகளையும் அடையுங்கள். பிறகு காற்றோட்டமான திறந்த வெளியில், பெரியவர் ஒருவர் உடனிருக்க, வெப்பம் தாங்கும் எனாமலைப் பிரஷால் மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள். புகை வெளியேறும் குழல் மட்டும் பல நூறு டிகிரி சூடேறும். அதற்கு இந்த எனாமல் தாங்காது, விட்டுவிடலாம். பிரஷ் விட்டுச்செல்லும் கோடுகள், ஈரம் உலர்வதற்குள் பரப்பு இழுவிசையால் பெருமளவு சமனாகிவிடும். வார்ப்பிரும்பின் மேற்பரப்பே சொரசொரப்பானதுதான். அதற்குக் கண்ணாடி வழவழப்பு எதற்கு?

கார் பளபளக்க வேண்டுமென்று தெளித்தே ஆக வேண்டுமானால், தகுந்த முகமூடியும் காற்றை வெளியேற்றும் விசிறியும் உள்ள பட்டறையிடம் கொடுங்கள். அதற்கான கூலி சற்று அதிகமாகலாம். வர்ணம் அடிக்கும் தொழிலாளியின் மூச்சுக்காகக் கொடுக்கும் அந்தப் பணம் வீண் செலவல்ல. பட்டறைக்குப் போகும்போது, “முகமூடி இருக்கிறதா அண்ணா?” என்று கேளுங்கள். அறிவியல் படிக்கும் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி அது.